வண்டிக்குள் ஓர் ஒழுங்கு



திருப்பூரிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் சென்ற மாதம் நம் கைக்குக் கிடைத்தது. இரண்டே பக்கம்தான். ஆனால் அதைப் படித்து முடித்த பின்னும் கீழே வைக்க மனம் வரவில்லை. அந்தத் தாய் எழுதுகிறார்:

“என் மகன் பதினோரு ஆண்டுகள் பனியன் கம்பெனியில் பிளாட்லாக் மெஷினில் உட்கார்ந்தவன். 2025 ஆகஸ்டில் அமெரிக்காக்காரர்கள் நம் நாட்டுச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டதும் அவன் கம்பெனியில் ஆர்டர் குறைந்தது. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்றானது. இப்போது என் வளையலை விற்றுத் தரச் சொல்கிறான். பழைய குட்டியானை ஒன்று வாங்கி, வீடு வீடாகவும் கம்பெனி கம்பெனியாகவும் போய்த் தண்ணீர்த் தொட்டி கழுவிக் கொடுக்கும் தொழில் செய்யப் போகிறானாம். அவன் அத்தா இருந்திருந்தால் அவரைக் கேட்டிருப்பேன். வளையலைக் கொடுக்கலாமா? கொடுத்தால், அந்த வண்டியில் சாமான்களை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும்? உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.”

முதல் கேள்விக்கு விடையைக் கட்டுரையின் முடிவில் சொல்கின்றோம். இரண்டாவது கேள்வி பார்வைக்குச் சிறியது. எனினும், அந்தத் தொழிலின் இலாபமும் நட்டமும், ஏன், உயிரும்கூட அந்தக் கேள்விக்குள்தான் அடங்கியிருக்கின்றன. எனவே அதை முதலில் எடுத்துக்கொள்வோம். இதே எண்ணத்தில் இருக்கும் மற்ற இளைஞர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் பாரம்

வண்டி வாங்கியவுடன் பலரும் செய்யும் முதல் காரியம், ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வாங்கி அதில் ஏற்றிவிடுவது. இது பெரும் தவறு. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். குட்டியானை என்று நம்மூரில் அழைக்கப்படும் சிறிய சரக்கு வண்டி சுமக்கத்தக்கது ஏறத்தாழ முக்கால் டன்தான். தொட்டியை நிரப்பினால் வேறு ஒரு வாளியைக்கூட ஏற்ற இடமிருக்காது. ஏற்றினால் பிரேக் பிடிக்காது, பட்டை வில் ஒடியும், டயர் தேயும்.

தொட்டி கழுவப் போகிறவருக்கு அவ்வளவு தண்ணீர் தேவையும் இல்லை. பெரும்பாலான வீடுகளில் அவர்கள் தண்ணீரைக் கொண்டே வேலையை முடித்துவிடலாம். 300 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று போதும். தண்ணீருக்குத் தட்டுப்பாடான நாளில் அதுவே கைகொடுக்கும்.

அந்தத் தொட்டியை எங்கே வைப்பது? ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டி, நடுவாக வைக்க வேண்டும். பின் சக்கரத்துக்கும் பின்னால், வால்பகுதியில் பாரத்தை வைத்தால், முன்பக்கம் இலேசாகி ஸ்டியரிங் பிடி தளர்ந்துவிடும். மேடு ஏறும்போது இதன் ஆபத்து புரியும். இடப்பக்கம் எவ்வளவு பாரமோ வலப்பக்கமும் அவ்வளவு பாரம் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். பாதி நிரம்பிய தொட்டிதான் முழுதும் நிரம்பியதைவிட ஆபத்தானது. வளைவில் திரும்பும்போது உள்ளே தண்ணீர் அலைமோதி வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளும். ஆகவே ஓடும்போது தொட்டி நிறைந்திருக்கட்டும். அல்லது காலியாக இருக்கட்டும். ஒரு பெரிய தொட்டிக்குப் பதிலாக இரண்டு சிறிய தொட்டிகள் வைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

தொட்டியாயினும் இயந்திரமாயினும் வண்டியின் சட்டத்தோடு பெல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். திடீரென்று பிரேக் அடித்தால் கட்டாத பொருள் எதுவும் முன்னோக்கிப் பாயும். மேலும், சாமான்களோடு சாமானாகப் பின்னால் ஆள் உட்கார்ந்து வருவது கூடவே கூடாது. சரக்குப் பகுதியில் ஆளை ஏற்றுவது சட்டப்படி குற்றம். வண்டியின் உடலமைப்பை மாற்றுவதாயின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற்றே மாற்ற வேண்டும்.

ஊசி சொல்லும் பாடம்

திருப்பூரில் பிறந்தவருக்கு ஒழுங்கைக் கற்றுக்கொடுக்க வேறு ஊரிலிருந்து ஆசிரியர் வர வேண்டியதில்லை. ஏற்றுமதிக் கம்பெனிகளில் தையல் ஊசி உடைந்தால் என்ன நடக்கிறது என்பதை அந்தத் தாயின் மகன் நன்கறிவார். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ஒட்டிக்காட்டி, பதிவேட்டில் எழுதிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்த இடத்திலிருந்த துணிகளையெல்லாம் தனியே ஒதுக்கிச் சோதிப்பார்கள். எங்கோ கடல் கடந்த நாட்டில் ஒரு குழந்தை அணியப்போகும் உடையில் அந்தத் துண்டு தங்கிவிடக்கூடாது என்பதற்காகத்தான் அத்தனை பாடும்.

இதே கண்டிப்பை வண்டிக்குள் கொண்டுவர வேண்டும். ஒருவர் வீட்டுத் தொட்டிக்குள் ஒரு பிரஷ்ஷையோ, ஒரு திருகாணியையோ, ஒரு துணித்துண்டையோ விட்டுவிட்டு மூடிவந்தால், அந்த வீட்டார் அதில் ஊறிய தண்ணீரைத்தான் குடிப்பார்கள்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வண்டியின் உட்சுவரில் பலகை ஒன்றை அடித்து, ஒவ்வொரு கருவியையும் அதில் மாட்டி, அதன் வடிவத்தைச் சுற்றிப் பெயின்டால் கோடு வரைந்துவிடுங்கள். கருவி இல்லாத இடம் வெறும் கோடாகக் கண்ணில் குத்தும். வேலை முடிந்ததும் பலகையைப் பாருங்கள். ஒரு கோடு காலியாக இருந்தாலும் தொட்டியின் மூடியைப் போடாதீர்கள், வண்டியை எடுக்காதீர்கள்.

முதலில் வேண்டியது வாசலில்

அடுத்தது வரிசை. கடைசியில் தேவைப்படும் பொருளை முதலில் ஏற்ற வேண்டும். முதலில் தேவைப்படுவதைக் கடைசியில் ஏற்ற வேண்டும். ஒரு சம்ப்பைக் கழுவும் வேலையை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தால் இந்த வரிசை தானே அமைந்துவிடும்.

இறங்கியவுடன் வேண்டியவை கையுறை, ரப்பர் பூட்ஸ், டார்ச் விளக்கு, மூடி திறந்திருக்கிறது என்று காட்டும் தடுப்புப் பலகை ஆகியவை. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் திறந்த சம்ப்பைச் சுற்றித் தடுப்பு வைக்காமல் ஒரு நொடியும் இருக்கக்கூடாது. இவை பின்கதவை ஒட்டியே இருக்கட்டும். அடுத்து வேண்டுவது காற்றூதி. அதைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்கின்றோம். அதன்பின் தண்ணீரை இறைக்கும் மோட்டார், ஹோஸ் குழாய்கள். பிறகு தேய்க்கும் பிரஷ்கள், அழுத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம். கடைசியில் கிருமி நீக்கும் மருந்து.

ஹோஸ் குழாயைத் தரையில் சுருட்டிப் போடாதீர்கள். உருளையில் சுற்றி வையுங்கள். மடிந்து கிடந்த குழாய் மடிப்பில்தான் முதலில் வெடிக்கும்.

வண்டியின் ஒரு பக்கத்தைச் சுத்தப் பக்கம் என்றும் மறுபக்கத்தை அழுக்குப் பக்கம் என்றும் பிரித்துவிடுங்கள். குடிநீர்த் தொட்டிக்கு உரிய பிரஷ், துணி, வாளி எல்லாம் நீல நிறம். கழிப்பறைக்கு உரியவை சிவப்பு நிறம். எவ்வளவு அவசரமானாலும் ஒன்றை மற்றொன்றுக்குப் பயன்படுத்தலாகாது. பள்ளிவாசல் ஹவுளைக் கழுவ அழைப்பு வரும்போது நீல நிறப் பொருள்களை மட்டுமே எடுத்து இறங்குங்கள். அந்தத் தண்ணீரில் நூற்றுக்கணக்கானவர் ஒளூச் செய்கிறார்கள், வாய் கொப்பளிக்கிறார்கள்.

துடைக்கும் துணிக்குத் திருப்பூரில் பஞ்சமா? கட்டிங்கில் விழும் பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கும். ஆனால் நூல் உதிராத துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கி, துவைத்து, காயவைத்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ஒரு வீட்டில் துடைத்த துணியைக் கொண்டு அடுத்த வீட்டில் துடைக்காதீர்கள்.

சேரக்கூடாத அயலார்

வண்டிக்குள் சில பொருள்கள் ஒன்றுக்கொன்று பகை. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வண்டியே நஞ்சாகும்.

பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சுக்குழலை அரித்துக் கொல்லக்கூடிய வாயு அது. ஆசிட் பாட்டில் கவிழ்ந்து பவுடர் மூட்டையில் ஒழுகினால் போதும், ஓட்டுகிறவருக்கே ஆபத்து. ஆகவே ஆசிடை வண்டியின் ஒரு மூலையில், தரையோடு, பிளாஸ்டிக் தட்டுக்குள் நிறுத்துங்கள். ஒழுகினாலும் தட்டோடு நின்றுவிடும். கண்மட்டத்துக்கு மேல் ஆசிடை ஒருபோதும் வைக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் எதிர்மூலையில், ஈரம் புகாத டப்பாவில், தரையிலிருந்து உயர்த்தி இருக்க வேண்டும். ஈரம் பட்டால் அதன் வீரியமும் போய்விடும்.

பிளீச்சிங் பவுடரைப் பெட்ரோல் கேனுக்கும் பனியன் வேஸ்டுக்கும் அருகிலும் வைக்கலாகாது. அது தீயைத் தூண்டும் பொருள். பருத்தி எவ்வளவு வேகமாக எரியும் என்பதைத் திருப்பூர் மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஜூன் மாதத்தில் காதர்பேட்டை பனியன் சந்தையில் பற்றிய தீயில் எத்தனை கடைகள் ஒரே இரவில் சாம்பலாயின என்பதை நேரில் பார்த்தவர்கள் நம் வாசகர்களிலேயே இருப்பார்கள். பின்கதவருகே கை எட்டும் இடத்தில் தீயணைப்புக் கருவி ஒன்று மாட்டியிருக்க வேண்டும்.

மருந்தின் அளவையும் டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். கழுவிய தொட்டியைக் கிருமிநீக்கம் செய்ய, 25 விழுக்காடு குளோரின் உள்ள பவுடர் என்றால், ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கணக்கு. அது லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் ஆகும். இது குடிப்பதற்கான தண்ணீர் அன்று. ஊறவைத்து, முழுவதும் வடித்து, மீண்டும் அலசிவிட வேண்டிய தண்ணீர். இதை வீட்டுப் பெண்களிடம் வாயால் சொல்லி, குழாயிலும் ஒரு சீட்டுக் கட்டிவிட்டு வாருங்கள். மருந்து ஊற்றும்போது ஆள் தொட்டிக்குள் இருக்கக்கூடாது.

ஜெனரேட்டர் வால்பகுதியில் இருக்கட்டும். ஆனால் வண்டிக்குள் வைத்து அதை ஓட்டாதீர்கள். இறக்கி, சம்ப்பின் வாயிலிருந்து தள்ளி, புகை வெளியே போகும் திசையில் வைத்து ஓட்டுங்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது பள்ளத்துக்குள் புகுந்தால் உள்ளே இருப்பவருக்குத் தெரியாமலே மயக்கம் வரும். ஈரத்தில் நின்று மின்கருவியைப் பிடிக்கும் தொழில் இது. மின்கசிவு ஏற்பட்டால் நொடியில் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல் எந்த மோட்டாரையும் ஓட்டலாகாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் காற்று

அந்தத் தாய்க்கு நாம் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி இதுதான்.

2025 மே மாதம் பல்லடத்தை அடுத்த கரைப்புதூரில், சாய ஆலை ஒன்றின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளர் மூவர் நச்சுவாயு தாக்கி உயிரிழந்தனர். காலையில் வேலைக்குப் போனவர்கள். அவர்களுக்கும் தாய் உண்டு, வீடு உண்டு.

கழிவு தேங்கிய தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு உண்டாகிறது. காற்றைவிடக் கனமானது, ஆகவே அடியில் படிந்து கிடக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் உணர்வையே அது மரக்கச்செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் அந்த நேரமே சாவின் நேரமாகிவிடுகிறது.

மலக்குழியிலும் சாக்கடைக் குழியிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இறக்கியவருக்கு முதற்குற்றத்திற்கே இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டு இலட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 1993 முதல் இவ்வாறு இறந்தோரின் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. முப்பது இலட்சம் என்ன, மூன்று கோடி கொடுத்தாலும் அந்த வீட்டு வாசலில் அவன் செருப்புச் சத்தம் மீண்டும் கேட்குமா?

“என் மகன் நல்ல தண்ணீர்த் தொட்டிதானே கழுவப் போகிறான்” என்று அந்தத் தாய் எண்ணலாம். நல்ல தண்ணீர் சம்ப்பும் நம்பத்தக்கதன்று. பல காலம் மூடிக்கிடந்த சம்ப்பில் மூச்சுவிடத் தக்க காற்று குறைந்திருக்கும். புதிதாகக் கட்டிய சம்ப்பில் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கி இறந்தவர்கள் தமிழ்நாட்டில் பலர். அங்கே சாக்கடை ஏது? ஈரப் பலகை அழுகும்போது உள்ளேயிருந்த ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. இயல்பான காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 விழுக்காடு. அது 19.5க்குக் கீழே போனால் உள்ளே இறங்கக்கூடாது. இதைக் கண்ணாலோ மூக்காலோ அறிய முடியாது. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழைய வழக்கமும் வேண்டாம். எரியும் வாயு இருந்தால் அதுவே வெடியாகும்.

ஆகவே வண்டியில் மூன்று பொருள்கள் முதல் இடம் பெற வேண்டும். ஒன்று, ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, எரிவாயு ஆகிய நான்கையும் அளந்து காட்டும் கைக்கருவி. கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்க்க வேண்டும்; மேலே மட்டும் பார்த்தால் போதாது. இரண்டு, அடித்தளம் வரை எட்டும் குழாயுடன் கூடிய காற்றூதி. இறங்குவதற்கு முன்பும் உள்ளே ஆள் இருக்கும் வரையிலும் அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று, முக்காலியும் இடுப்பு–தோள் பெல்ட்டும் கயிறும். உள்ளே இருப்பவர் மயங்கினால், மேலே இருப்பவர் இறங்காமலே இழுத்துத் தூக்குவதற்காக.

மேலே நிற்பவர் எந்நிலையிலும் இறங்கலாகாது. இதைக் கல்வெட்டாக மனத்தில் பதியுங்கள். முதலில் ஒருவன் விழுவான்; அவனைக் காப்பாற்றத் தம்பி குதிப்பான்; தம்பியைக் காப்பாற்ற நண்பன் குதிப்பான். பாசத்தால் குதித்தவர்களே இந்தச் சாவுகளில் பாதிக்கதையாக இருக்கிறார்கள். தனி ஆளாக இந்த வேலைக்குப் போகவே கூடாது.

மலக்குழி, சாயக்கழிவுத் தொட்டி ஆகியவற்றுக்கு அழைப்பு வந்தால், எவ்வளவு கூலி தந்தாலும் “அது எங்கள் வேலையில்லை” என்று சொல்லிவிடுங்கள். அதற்கென உரிமம் பெற்ற உறிஞ்சு லாரிகள் இருக்கின்றன. ஆள் இறங்காமலே சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்யும் ‘பாண்டிகூட்’ என்னும் இயந்திரத்தைக் கேரளத்து இளம் பொறியாளர்கள் 2018இலேயே உருவாக்கிவிட்டார்கள். இயந்திரம் செய்யும் வேலைக்கு ஒரு தாயின் பிள்ளை எதற்கு?

அழுக்கு எங்கே போகிறது?

வண்டிக்குள் அழுக்குத் தண்ணீருக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். தொட்டியின் அடியிலிருந்து எடுத்த சேற்றை அடுத்த தெருவில் கவிழ்த்துவிட்டு வருவது தொழிலாகாது. அழுக்கை இடம் மாற்றுவதுதான். சேற்றை மூடியுள்ள டிரம்மில் எடுத்து, மாநகராட்சி காட்டும் இடத்தில் சேர்க்க வேண்டும். ஆசிட் கலந்த தண்ணீரை மண்ணிலோ வாய்க்காலிலோ விடக்கூடாது.

திருப்பூருக்கு இதை உரக்கச் சொல்ல வேண்டிய காரணம் உண்டு. நொய்யல் ஆற்றின் கதை நமக்குத் தெரியும். பாசனத்துக்கென 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. கீழே இருந்த உழவர்களின் நிலமும் கிணறும் உவர்ந்தன. முடிவில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரேயடியாக நின்றன. எத்தனையோ வீடுகளில் அடுப்பு அணைந்தது. ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகே தொழில் மீண்டும் எழுந்தது. ‘என் ஒரு வாளியில் என்ன ஆகிவிடும்’ என்று ஒவ்வொருவரும் நினைத்ததன் விளைவுதான் அத்தனையும்.

வீட்டாரின் பங்கு

இந்தத் தொழிலில் வீட்டுப் பெண்களுக்கும் இடமுண்டு. கித்தான் துணியில் வரிசையாகப் பைகள் வைத்துத் தைத்து வண்டியின் உட்சுவரில் தொங்கவிட்டால், கையுறைக்கும் சிறு கருவிகளுக்கும் அதைவிட நல்ல அலமாரி இல்லை. மாலையில் வண்டி திரும்பியதும் பட்டியலைப் பார்த்து எண்ணுவது, நனைந்த துணிகளைத் துவைத்து உலர்த்துவது, மருந்தின் இருப்பை எழுதுவது, வரவு செலவு பார்ப்பது ஆகியவற்றையும் வீட்டிலிருந்தே செய்யலாம். ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் மட்டும் வீட்டுக்குள் வரவே கூடாது. குளிர்பான பாட்டிலில் ஆசிடை ஊற்றி வைக்கும் வழக்கம் எத்தனையோ குழந்தைகளின் தொண்டையைப் பொசுக்கியிருக்கிறது.

இனி, அந்தத் தாயின் முதல் கேள்வி.

அம்மா, வளையலைக் கொடுங்கள். உங்கள் மகன் கேட்பது உழைத்துச் சாப்பிடும் வழி. பதினோரு ஆண்டுகள் ஊசியை எண்ணிப் பழகியவருக்கு இந்தத் தொழிலின் ஒழுங்கு கைவரும். ஆனால் ஒரு நிபந்தனையோடு கொடுங்கள். பணம் கைக்கு வந்ததும் பளபளக்கும் பீய்ச்சு இயந்திரத்தை வாங்கிவிட்டு, ‘காற்றளக்கும் கருவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று இளைஞர்கள் தள்ளிப்போடுவார்கள். நீங்கள் அதற்கு இடங்கொடாதீர்கள். கைக்கருவியும் காற்றூதியும் முக்காலியும் முதலில் வாங்கட்டும். பீய்ச்சு இயந்திரம் இல்லாவிட்டால் பிரஷ்ஷால் தேய்த்துக்கொள்ளலாம். மூச்சுக்கு மாற்று ஏதும் இல்லை.

காலையில் வண்டி புறப்படும்போது வாசலுக்கு வாருங்கள். பின்கதவைத் திறக்கச் சொல்லி ஒருமுறை உள்ளே பாருங்கள். அந்த மூன்றும் அவற்றுக்குரிய இடத்தில் இருந்தால் துஆச் செய்து அனுப்புங்கள். ஒன்று குறைந்தாலும், அன்றைய கூலி போனால் போகட்டும் என்று வண்டியை நிறுத்திவிடுங்கள். தாய் சொன்னால் மகன் கேட்பான்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.